கண்ணாடியில் முகம் தெரிந்தால்

நாம்பா, ஐடஹோ
1997 மார்ச் 9

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

நோரீன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் குளிரில் உன் கால் வலி எப்படி இருக்கிறது?

அம்மாவை அடக்கம் செய்த பிறகு பதினோரு வருஷமாக நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. இப்போது மட்டும் ஒரு காரியமாக எழுதுகிறாளே என்று நீ நினைத்தால் அது சரிதான்.

ஹார்லன் போன அக்டோபரில் ஓய்வு பெற்றார். அவரால் ஒரு மாதம்கூட வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. டிசம்பரில் ஒரு டிரெய்லர் வாங்கி வந்து வாசலில் நிறுத்திவிட்டார். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிறது. பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஆகஸ்டில் ஒரிகன் கடற்கரையில் வடக்கிலிருந்து தெற்காக இறங்க வேண்டுமாம். "கடல் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கணும்டி. கடை வாசல் பார்க்கிங்ல கெடக்கிறதுக்கா இவ்வளவு பெரிய வண்டி வாங்கினேன்?" என்கிறார். டிரெய்லர் நிறுத்துகிற எந்த முகாமில் தங்குவது என்று பார்க்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். நான் அந்தக் கடலைப் பார்த்தே எத்தனை வருஷமாகிறது என்று உனக்குத் தெரியும்.

நீ பன்னிரண்டு கோடைகளாக அங்கே முகாம் பொறுப்பாளராக இருக்கிறாய் என்று ஷெர்மன் சித்தப்பா சொன்னார். அந்தக் கரையில் உனக்குத் தெரியாத கல் இருக்காது. மூன்று முகாம் சொன்னால் போதும். கடல் தெரிய வேண்டும். யார் தேர்ந்தெடுத்தது என்று அவரிடம் சொல்ல மாட்டேன். பத்திரிகையில் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

முடிந்தால் பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
நோரீன்


வின்செல், ஒரிகன்
1997 மார்ச் 21

நோரீனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். நீ நலமா என்று கேட்பது முறை, கேட்கிறேன்.

கால் வலியை விசாரித்திருந்தாய். இடது முழங்கால் மடங்காது. மடங்காத கால் வலிக்காது என்று டாக்டர் சொன்னார், அது உண்மையல்ல. 1972 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை, மாலை நாலரை மணி. அன்று என் கணவனாக இருந்த ஹார்லன் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்தான். நான் பின்னால் நின்று கை காட்டினேன். டிரெய்லரின் பின்முனைக்கும் முகாமின் மின்கம்பத்துக்கும் நடுவில் என் கால் மாட்டியது. நீ பத்தடி தள்ளி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். உனக்கு அப்போது இருபது வயது.

அன்றைக்கே முகாம் அதிகாரியிடம் நாலு வரி எழுதிக் கொடுத்தாய். "என் அக்கா வண்டியின் வலப்பக்கம், ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் நின்றாள். கடைசி நொடியில் சொல்லாமல் கொள்ளாமல் இடப்பக்கத்துக்கு ஓடி வந்தாள். அத்தான் மேல் தப்பு எதுவும் இல்லை. இதை நான் கண்ணால் பார்த்தேன்." நகல் என்னிடம் இருக்கிறது. நான் எங்கிருந்தும் ஓடி வரவில்லை. முதலிலிருந்தே இடப்பக்கத்தில், கம்பத்தின் அருகில்தான் நின்றேன். நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இருந்தும் ஊரும் அம்மாவும் உன் நாலு வரியைத்தான் நம்பினார்கள். அம்மா அதை நம்பியபடியே இறந்தாள்.

பிறகு நீ அவனை மணந்துகொண்டாய். அதைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. அவனை நீயே வைத்துக்கொள். நீ எழுதிய நாலு வரியை நீயே திருத்தி எழுதி எனக்கு அனுப்பு. நான் உயிரோடு இருக்கும்போது அது என் கைக்கு வர வேண்டும்.

இனி முகாம் விஷயம். டிரக்கில் மாட்டுகிற கொக்கி முனையையும் சேர்த்து டிரெய்லரின் நீளம் எவ்வளவு? கொக்கியை விட்டு அளந்துவிட்டு நாலடி குறைத்துச் சொல்கிறவர்கள்தான் அதிகம். நீயே நாடா பிடித்து அள. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று கை காட்டுவது யார்? அவன் பேச்சுக் கேட்பானா?

வெர்னா


நாம்பா, ஐடஹோ
1997 ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் வேண்டுகிறேன். இங்கே இப்போதுதான் பனி விட்டிருக்கிறது.

நீ கேட்டவற்றுக்குப் பதில். கொக்கி முனையோடு இருபத்தெட்டு அடி நாலு அங்குலம். அவர் இருபத்துநாலு என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறார். நான் துணி காயப்போடுகிற சாக்கில் அளந்தேன். கை காட்டுவது நான்தான். வேறு யார் இருக்கிறார்கள். மாதா கோயில் வாகன நிறுத்தத்தில் ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு பழகுகிறோம்.

பேச்சுக் கேட்பாரா என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்குப் பதில் உனக்குத் தெரியும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

நோரீன்


வின்செல், ஒரிகன்
1997 மே 2

நோரீனுக்கு,

நான் நலம். நான் கேட்டதில் மூன்றுக்குப் பதில் சொல்லிவிட்டாய். முதலில் கேட்ட அந்த நாலு வரிக்குச் சொல்லவில்லை. காத்திருக்கிறேன்.

மூன்று முகாம்களிலும் உங்கள் பெயரில் இடம் பதிவு செய்துவிட்டேன். பொறுப்பாளர்கள் எனக்குத் தெரிந்தவர்கள்.

ஆகஸ்ட் 4 முதல் ஹெம்லி ஆற்றுமுகம், இடம் 31. கடல் ஐம்பதடி தூரத்தில் இருக்கிறது. உள்சாலை குறுகல். நுழைவில் வலப்பக்கம் ஒரு பெரிய ஸ்ப்ரூஸ் மரம். அதன் பட்டையில் எத்தனை வண்டிகளின் பெயின்ட் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 9 முதல் கோரல் மணல்மேடு, இடம் 8. சாய்வான இடம். காற்று அடித்தால் தரையில் மணல் ஏறிவிடும், சக்கரம் பிடிக்காது. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தே திமிங்கிலம் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 19 முதல் பெல்நாப் முனை, இடம் 14. இது என் முகாம். 1972இல் இதற்கு வேறு பெயர். இப்போது வாசலும் வேறு பக்கம் மாறிவிட்டது. பெயரைக் கேட்டு அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மின்கம்பம் பழைய இடத்திலேயே இருக்கிறது. நான்தான் வருஷா வருஷம் அதற்கு அன்றிருந்த அதே பச்சை பெயின்ட் அடிக்கிறேன்.

மூன்றுமே ரிவர்ஸ் எடுத்து நுழைகிற இடங்கள். நேராக நுழைந்து நேராக வெளியேறும் இடங்களும் உண்டு. அவை நெடுஞ்சாலை ஓரத்தில், கழிவுநீர் கொட்டுகிற தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். கடல் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டும் என்கிறவனுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போய்ச் சேருங்கள். அந்த நேரத்தில்தான் எல்லோரும் நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முகாமில் டிவி கிடையாது. புதிதாக வருகிறவன் ரிவர்ஸ் எடுப்பதுதான் அன்றைய காட்சி. அவனுக்குக் கூட்டம் பிடிக்குமே.

எழுதுவதாக இருந்தால் முகாம் விலாசத்துக்கு எழுது. என் கடிதங்கள் அந்தந்த ஊர்த் தபால் நிலையத்தில் உன் பெயருக்கு வைத்திருப்பார்கள். கேட்டு வாங்கிக்கொள்.

வெர்னா


ஹெம்லி ஆற்றுமுகம்
1997 ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தோம். நீயும் நலம்தானே. மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். கடிதத்தை எடுத்து எடுத்து வைத்தேன், எழுத வரவில்லை.

இடம் நீ சொன்னபடியே இருக்கிறது. மரமும் நீ சொன்னபடியே. நாலரைக்கு உள்ளே நுழைந்தோம். பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மாள் பின்னிக்கொண்டிருந்த கம்பளியை மடியில் வைத்துவிட்டு நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டாள்.

ஆறு முறை முன்னும் பின்னும் போனார். நான் இடது கையைக் காட்டினேன். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இடதுன்னா உன் இடதா என் இடதா? வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு, சத்தமாச் சொல்லேன்டி" என்று கத்தினார். எதிரில் இருந்த கிழவர் ஒருவர், "எங்க இடதுக்கு வாங்க தம்பி, காப்பி போட்டு வச்சிருக்கோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இறங்கி வந்து கிழவரிடம் கை குலுக்கி, "என்ன பண்றது, எனக்கு வாய்ச்ச வழிகாட்டி அப்படி. குருடனுக்கு நொண்டி வழி காட்டின கதைதான்" என்றார்.

அந்தச் சொல் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத முடியவில்லை.

ராத்திரி கிழவரோடு உட்கார்ந்து நண்டு உடைத்துச் சாப்பிட்டார். எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. நான் டிரெய்லருக்குள் இருந்தேன்.

கடல் அழகாக இருக்கிறது.

நோரீன்


கோரல் மணல்மேடு
1997 ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

நேற்று வந்தோம். நல்ல காற்று. டிரெய்லர் படியில் வழுக்கி வலது மணிக்கட்டில் சுளுக்கு, அதனால் கையெழுத்து இப்படி. இடுப்பிலும் கொஞ்சம் வலி. அது படியால் இல்லை. சக்கரம் மணலில் சுற்றியது, அவர் கோபத்தில் அழுத்திவிட்டார், வண்டி சட்டென்று பின்னால் வந்து லேசாக இடித்தது. நான் விழவில்லை. "தப்பான இடத்துல நின்னா யாரு என்ன பண்ண முடியும்?" என்றார். நாற்காலியில் இருந்தவர்களைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்து இல்லை.

அவர்கள் தலையாட்டினார்கள்.

வேறு விசேஷம் இல்லை. திமிங்கிலம் இன்னும் வரவில்லை.

நோரீன்


பெல்நாப் முனை முகாம்
1997 ஆகஸ்ட் 12

அன்புள்ள நோரீனுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. எலும்பு முறிவு இல்லை என்று டாக்டரிடம் காட்டித் தெரிந்துகொண்டாயா? படியில் வழுக்கினால் மணிக்கட்டு இப்படிச் சுளுக்கிக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும். அதை நான் கேட்கவில்லை.

நான் செய்ததை எழுதிவிடுகிறேன். மார்ச்சில் உன் கடிதம் வந்தபோது எனக்கு வந்தது சந்தோஷம்தான், ஆனால் நல்ல சந்தோஷம் இல்லை. இந்தக் கரையில் இருக்கிற முகாம்களிலேயே ரிவர்ஸ் எடுக்க மோசமான இடங்களாகப் பொறுக்கினேன். நான் நின்ற இடத்தில் நீ நிற்க வேண்டும், அவன் ஊர் பார்க்க உன்னைக் கத்த வேண்டும், கடைசியில் அந்தப் பச்சைக் கம்பத்தின் பக்கத்தில் நின்று நீ நடுங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதை என் ஜன்னல் வழியாகப் பார்க்க ஆசைப்பட்டேன். தேதியைக்கூட அதற்காகத்தான் பத்தொன்பது என்று போட்டேன்.

"தப்பான இடத்துல நின்னா" என்று அவன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். எனக்கும் அதே சொல்லைத்தான் சொன்னான். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால், நாற்காலிக்காரர்களைப் பார்த்து.

உங்கள் பதிவை 22ஆம் இடத்துக்கு மாற்றப் போகிறேன். நேராக நுழையலாம். தொட்டி நாற்றம் வரும், சகித்துக்கொள்ளுங்கள். நீ எங்கேயும் பின்னால் நிற்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். டிரெய்லர் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் முதல் நாளே படிக்கிற பாடம் இது. பின்னால் நிற்கிறவளுக்குப் பக்கக் கண்ணாடியில் ஓட்டுகிறவன் முகம் தெரிந்தால், அவனுக்கும் அவள் தெரிகிறாள். தெரியாவிட்டால், அவள் தப்பான இடத்தில் நிற்கிறாள். அன்றைக்கு அவன் முகம் எனக்குத் தெரிந்தது. தொப்பி, கண், வாய் எல்லாம். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று காலைதான் அவனை விட்டுப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதிகாரி கேட்டபோது இதையும் சொன்னேன். வலி மயக்கத்தில் பேசுகிறாள் என்று எழுதிக்கொண்டார். உன் தாள் அப்போதே அவர் பையில் இருந்தது.

எனக்கு உன் தாள் வேண்டும். உன் கால் வேண்டாம்.

அக்கா


கோரல் தபால் நிலையம்
1997 ஆகஸ்ட் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எலும்பு முறியவில்லை. உன் கடிதத்தை இங்கே வாங்கி இங்கேயே நின்று படித்தேன். அவர் வெளியே டிரக்கில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார்.

பதினான்கை மாற்றாதே.

பிப்ரவரியில் மாதா கோயில் வாகன நிறுத்தத்தில் அவர் இந்த டிரெய்லரை முதல்முதலாக ரிவர்ஸ் எடுத்தார். இருபத்தைந்து வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் ஒரு டிரெய்லருக்குப் பின்னால் நின்றேன். கண்ணாடியில் அவர் முகம் முழுசாகத் தெரிந்தது. உனக்கு எழுத வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. என்ன எழுதுவது என்று தெரியாமல் முகாம் கேட்டேன்.

1972இல் எழுதின நாலு வரியும் அவர் சொல்லச் சொல்ல எழுதியது. அந்தக் கோடையில் எங்களுக்குள் ஏற்கெனவே பழக்கம் இருந்தது. உனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

நான் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினவள். நாற்பதடி வண்டி, பனியில், அறுபது பிள்ளைகளோடு. ஒரு தகரம்கூட நசுங்கியதில்லை. இருந்தும் அவர் டிரக் சாவியை நான் தொட்டதில்லை.

நாங்கள் நாலரைக்கு வருவோம். நீ வெளியே வராதே. நீ தங்கியிருக்கிற வண்டியின் வாசலிலேயே நின்றுகொள்.

நோரீன்


பெண்ட், ஒரிகன்
1997 ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பேருந்துக் கொட்டகையில் என்னோடு வேலை பார்த்த டெல்லாவின் வீட்டில் இருக்கிறேன். நீ கேட்டதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1997 ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி நாற்பது நிமிஷம். பெல்நாப் முனை முகாம், இடம் எண் 14. ஹார்லன் ஸ்டக்கி டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்தான். நான் கம்பத்தின் அருகில் நின்றேன். பச்சைக் கம்பத்தைப் பார்த்ததும் அவனுக்கு எந்த இடம் என்று தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவனால் வண்டியை நேராக எடுக்க முடியவில்லை. மூன்று முறை பாதையை விட்டு இறங்கினான். பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்தாம் இடத்தில் இருக்கும் ஆர்வில் டெய்ன் என்பவர், "விட்டுட்டு வந்து ஒரு பீர் குடிங்க சார், வண்டி தானா உள்ள போயிடும்" என்றார். சிரித்தார்கள். இந்தமுறை அவன் சிரிக்கவில்லை.

இறங்கி வந்து எல்லோர் முன்னாலும் என்னிடம், "மரம் மாதிரி நிக்கிறே. அவ்வளவு தெரிஞ்சா நீயே ஓட்டு. ஓட்டுறியா? ஓட்டு பார்க்கலாம்" என்றான். சாவி டிரக்கிலேயே இருந்தது. "சரி" என்று ஏறிவிட்டேன். "இறங்குடி" என்றான். நாற்காலிக்காரர்களில் ஒரு அம்மாள், "நீங்கதானே ஐயா ஓட்டச் சொன்னீங்க" என்றாள். அவன் டிரக் கதவிலிருந்து கையை எடுத்தான். "எங்க நிக்கணும்னு நான் காட்டுறேன் இவளுக்கு" என்று கம்பத்தின் பக்கத்தில் போய் நின்றான்.

நான் ரிவர்ஸ் எடுத்தேன். நடக்கிற வேகத்துக்கும் குறைவாகத்தான். டிரெய்லரின் பின்முனை அவன் பெல்ட்டுக்கு நாலு விரல் முன்னால் வந்ததும் நிறுத்தினேன். இந்தப் பக்கம் டிரெய்லர், முதுகில் கம்பம், இருபுறமும் உன் முகாமின் முள்புதர். அவனால் நகர முடியவில்லை. தொடவும் இல்லை. கத்தினான். நான் ஜன்னலை இறக்கினேன்.

"என் முகம் கண்ணாடியில தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியுதுடி, தெரியுது. வண்டிய முன்னால எடு."

"எனக்கும் நீங்க நல்லாத் தெரியுறீங்க. தொப்பியிலேருந்து செருப்பு வரைக்கும். அன்னைக்கு அக்கா இதே இடத்துல நின்னா. அவளை உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. ஏதாவது பண்ணுங்கய்யா யாராவது."

யாரும் எழுந்திருக்கவில்லை. ஆர்வில் டெய்ன் மட்டும், "அந்தம்மா கேட்டதுக்கு பதில் சொல்லிடுங்களேன்" என்றார்.

"என் கால் பிரேக்குலதான் இருக்கு," என்றேன். "அவசரம் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

எத்தனை நேரம் என்று டெய்ன் கடிகாரம் பார்த்திருக்கிறார். ஒரு நிமிஷம் பத்து நொடியாம். பிறகு அவன், "தெரிஞ்சுது" என்றான். சத்தமாகச் சொல்லச் சொன்னேன். "அவளைத் தெரிஞ்சுது. நின்னுகிட்டுதான் இருந்தா. ஆக்ஸிலேட்டர்லேருந்து நான் காலை எடுக்கல. போதுமா?" என்றான்.

போதும் என்று வண்டியை முன்னால் எடுத்தேன். அவன் புதரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து புல்லில் உட்கார்ந்தான். நான் மறுபடியும் ரிவர்ஸ் எடுத்து ஒரே மூச்சில் டிரெய்லரைப் பதினான்காம் இடத்தில் நிறுத்தினேன். இரண்டு பக்கமும் சம இடைவெளி. சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன், கொக்கியைக் கழற்றினேன், என் பெட்டியை எடுத்துக்கொண்டு டிரக்கில் கிளம்பினேன். கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஒருத்தி, "எங்க வண்டியையும் ஒரு தடவை எடுத்து விட்டுட்டுப் போம்மா" என்றாள்.

1972 ஆகஸ்ட் 19 அன்று என் அக்கா வெர்னா முதலிலிருந்தே இடப்பக்கத்தில், ஓட்டுபவன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், கம்பத்தின் அருகில் நின்றாள். அவள் ஓடி வரவில்லை. நான் அன்று எழுதிக் கொடுத்தது பொய். பொய் என்று தெரிந்தே எழுதினேன். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

கையெழுத்து: நோரீன் ஸ்டக்கி. போகிற வழியில் முகாம் வாசலில் டெய்ன் என் டிரக்கை நிறுத்தினார். சாட்சி வேண்டுமென்றால் தானும் தன் மனைவியும் கையெழுத்துப் போடுகிறோம் என்றார். தாளைக் கொண்டுபோய் அவர்களிடம் காட்டு.

நீ உன் வாசலில் நின்றிருந்ததைப் பார்த்தேன். நான் உன்னிடம் வரவில்லை. வந்தால் பேசியிருப்போம். பேசிவிட்டால் எழுத மாட்டேன் என்று பயந்தேன்.

நோரீன்


பெல்நாப் முனை முகாம்
1997 ஆகஸ்ட் 26

அன்புள்ள நோரீனுக்கு,

நான் நலம். டெல்லாவின் வீட்டில் உனக்கு வசதியாக இருக்கிறதா? மணிக்கட்டுக்குச் சூடு ஒத்தடம் கொடு.

தாள் கிடைத்தது. டெய்னும் அவர் மனைவியும் கையெழுத்துப் போட்டார்கள். முகாமை நடத்துகிற பூங்கா அலுவலகத்துக்கு ஒரு நகல், ஷெர்மன் சித்தப்பாவுக்கு ஒரு நகல் அனுப்பினேன். அம்மாவுக்கு அனுப்ப விலாசம் இல்லை. அவள் உன் பொய்யை நம்பி வாழ்ந்த பதினான்கு வருஷத்துக்கு உன்னிடம் பதில் இல்லை, எனக்கும் அதை மறக்கிற எண்ணம் இல்லை. அது அப்படியே இருக்கட்டும். மன்னிப்பு என்று நீ எழுதாமல் இருந்தது நல்லது.

ஹார்லன் இன்னும் பதினான்காம் இடத்தில்தான் இருக்கிறான். டிரக் இல்லாமல் டிரெய்லர் நகராது. முதல் இரண்டு நாள் எல்லோரிடமும் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிப் பார்த்தான். கேட்டுக்கொண்டார்கள். யாரும் அவனுக்குக் காப்பி கொடுக்கவில்லை. இப்போது ஜன்னல் திரையை மூடிக்கொண்டு உள்ளேயே இருக்கிறான். கடல் சத்தம் நன்றாகக் கேட்கும் இடம் அது.

பொறுப்பாளர் என்ற முறையில் அவனுக்கு ஒரு அறிவிப்பு கொடுக்க வேண்டியிருந்தது. நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். டிரக்கைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதே.

கிறிஸ்துமஸுக்கு எங்கே இருப்பாய் என்று எழுது. கூப்பிடவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அக்கா


பெல்நாப் முனை முகாம்
1997 ஆகஸ்ட் 25

பெறுநர்: திரு. ஹார்லன் ஸ்டக்கி, இடம் எண் 14

மதிப்பிற்குரிய திரு. ஸ்டக்கி அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முகாம் விதிகளின்படி ஒரு இடத்தில் தொடர்ந்து பதினான்கு இரவுகள் மட்டுமே தங்கலாம். தங்கள் கெடு செப்டம்பர் 2ஆம் தேதி காலை பதினோரு மணிக்கு முடிகிறது. அதற்குள் வேறு டிரக் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுகிறேன். வாடகைக்கு விடுபவர்களின் தொலைபேசி எண்கள் கழிப்பறைக் கட்டடத்தின் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன.

டிரக்கைக் கொக்கிக்கு நேராக ரிவர்ஸ் எடுக்கும்போது, டிரக்குக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஒருவர் நின்று கை காட்டுவது வழக்கம் என்பது தங்களுக்குத் தெரியும். தங்களுக்காக எல்லா இடங்களிலும் விசாரித்தேன். நடுவில் நிற்க இந்த முகாமில் ஆள் இல்லை.

இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. குப்பையை மூடி வையுங்கள், ரக்கூன் வரும்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு முகாமைச் சுற்றிப் பார்க்க வருவேன். தங்கள் ஜன்னலை ஒட்டித்தான் பாதை. எனக்கு ஒரு கால் மடங்காது, அதனால் மெதுவாகத்தான் கடப்பேன். என்னைப் பார்க்கவில்லை என்று தாங்கள் சொல்ல வழியில்லை.

இப்படிக்கு,
வெர்னா
முகாம் பொறுப்பாளர்